நனையாத கடல்

மனச்சோர்வில் இருப்பவரிடம் நம் ஆட்கள் அதிகம் சொல்லும் வசனம் எது என்று ஓட்டெடுப்பு வைத்தால், "எங்கேயாவது வெளியே போய்ட்டு வாங்க, மனசு லேசாகும்" என்பது பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொல்லும் விஷயமும் தப்பில்லை, அதுதான் எரிச்சல். வெளியே போனால், நாலு பேரைப் பார்த்தால், பிடித்ததைச் செய்தால் மனச்சோர்வு குறையும் என்று ஐம்பது வருட ஆராய்ச்சியே சொல்கிறது. ஆனால் குளித்து, துணி மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாமல் போவதுதான் அந்த நோய். கால் உடைந்தவரிடம் தினமும் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த எரிச்சலோடு சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து, அதாவது யூசிஎல்ஏவிலிருந்து, 2021இல் வந்த ஒரு சின்ன ஆய்வு கண்ணில் பட்டது. வெளியே போக முடியாதவருக்கு வெளியை உள்ளே கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. தலையில் விஆர் கண்ணாடியை, அதாவது சுற்றிலும் ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவியை, மாட்டிவிட்டு, இனிமையான காட்சிகளுக்குள் உட்காரவைக்கிறார்கள். கடலுக்கடியில் பவளப்பாறை, காட்டுக்குள் போகும் ரயில், இப்படி. கலந்துகொண்டவர்கள் 6 பேர்தான். 13 அமர்வுகள். முடிவில் மனச்சோர்வு குறைந்திருக்கிறது, பதற்றம் குறைந்திருக்கிறது, ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது தெரிந்திருக்கிறது. இதோடு முடிந்திருந்தால் நல்ல செய்தி என்று யாருக்காவது அனுப்பிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அதில் ஒரு விவரம் இருந்தது. நல்லுணர்வு முதல் 7 அமர்வுகள் வரை ஏறியிருக்கிறது. எட்டாவதிலிருந்து பதின்மூன்றாவது வரை இறங்கியிருக்கிறது. ஆய்வாளர்களே அதை எதிர்பார்க்கவில்லை. அந்த இறக்கத்தைத்தான் நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். காரணம், வீட்டில் அக்கா இருக்கிறாள்.

அக்காவுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லிப் பல வருடம் ஆகிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. காரணமில்லாத அழுகை போய்விட்டது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "இப்பத்தான் நல்லா ஆயிட்டாளே" என்கிறார்கள். அழவில்லை என்றால் நல்லாகிவிட்டது என்று கணக்கு. ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். டிவி ஓடும், பார்ப்பாள், நடுவில் கரண்ட் போனால் மறுபடி போடச் சொல்ல மாட்டாள். மாம்பழ சீசனில் நறுக்கிக் கொடுத்தால் சாப்பிடுவாள். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் மல்கோவாவின் கொட்டைக்கு அக்காவோடு சண்டை போட்டால்தான் கிடைக்கும். இப்போது கொட்டையை நான் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

கெட்டதைக் கழித்தால்

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்க மருத்துவமனைகளில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். பிஎச்க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் இது எத்தனை நாள் இருந்தது என்று டிக் அடிக்க வேண்டும். அதில் முதல் கேள்வி சோகத்தைப் பற்றியது அல்ல. எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. சோகம் இரண்டாவதாகத்தான் வருகிறது. மருத்துவர்கள் அன்ஹெடோனியா என்று சொல்லும் இந்த ருசியற்ற நிலையும் சோகமும் மனச்சோர்வின் இரண்டு தூண்கள். இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் நோய் என்றே முடிவு செய்வார்கள். ஆனால் சிகிச்சை என்று வரும்போது பெரும்பாலும் சோகத்தின் பக்கம்தான் எல்லாரும் நின்றார்கள். தவறான எண்ணங்களைத் திருத்துவது, பயத்தைக் குறைப்பது, அழுகையை நிறுத்துவது. கெட்டதைக் கழித்துவிட்டால் மீதம் நல்லதாகத்தானே இருக்கும் என்ற நம்பிக்கை. மீதம் வெறும் பூஜ்யமாகவும் இருக்கலாம் என்பது அக்காவைப் பார்த்தால் தெரியும்.

யூசிஎல்ஏவின் மிஷெல் கிராஸ்க் பல வருடம் பயத்தையும் பதற்றத்தையும் ஆராய்ந்தவர். அவருடைய குழு இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுப் பார்த்தது. சோகத்தைத் தொடவே வேண்டாம், சந்தோஷப்படும் திறனை மட்டும் பயிற்சியால் வளர்ப்போம் என்று 15 அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சையை உருவாக்கினார்கள். பிடித்த செயல்களைத் திட்டமிட்டுச் செய்வது, செய்ததை ருசித்து நினைவுகூர்வது, நல்லதில் தன் பங்கு என்ன என்று பார்ப்பது, நன்றி, பிறர்க்குக் கொடுப்பது என்று படிப்படியாகப் போகும். 96 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்கு வழக்கம்போல எதிர்மறை உணர்வைக் குறைக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சந்தோஷத்தை வளர்த்த குழுவுக்குச் சந்தோஷமும் அதிகம், சோர்வும் பதற்றமும் குறைவு. சோகத்தைக் குறிவைக்காதவர்களுக்குச் சோகமும் கூடுதலாகக் குறைந்திருக்கிறது! விஆர் ஆய்வு இதே குழுவிலிருந்து கிளைத்ததுதான்.

இந்த இடத்தில் ஒரு எலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெர்ரிட்ஜ் என்பவர் எண்பதுகளின் கடைசியில் எலிகளின் மூளையிலிருந்து டோபமைன் என்ற ரசாயனத்தைக் கிட்டத்தட்ட முழுசாக நீக்கிப் பார்த்தார். டோபமைன்தான் இன்பம் தருவது என்று எல்லாரும் நினைத்த காலம். அந்த எலிகள் சாப்பாட்டை நாடவே இல்லை. முன்னால் தீனி இருக்கும். எலி பட்டினி கிடக்கும். நாமாக ஊட்டினால்தான் உயிர் பிழைக்கும். ஆனால் வாயில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், எந்தக் குறையும் இல்லாத எலி எப்படி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்குமோ அப்படியே நக்கியது. ருசி அப்படியே இருக்கிறது. தேடிப் போகும் உந்துதல்தான் போய்விட்டது. வேண்டும் என்பதற்கும் பிடிக்கிறது என்பதற்கும் மூளையில் வேறு வேறு வழி என்று அதிலிருந்து அவர் வாதிட்டார். எலியை வைத்து மனுஷனுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மாம்பழத்தைக் கேட்காத, கொடுத்தால் சாப்பிடுகிற ஒரு ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

விஆர் ஏன் என்பதும் இப்போது புரியும். தேடிப் போகும் உந்துதல்தான் செத்திருக்கிறது என்றால், தேடிப் போகாமலே வாயில் விழும் சொட்டு அது. பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் எழுபதுகளிலேயே சொன்னார்: சோர்ந்தவர் செய்வதைக் குறைக்கிறார், குறைத்ததால் இன்பம் தரும் தருணங்கள் குறைகின்றன, அதனால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலை உடைக்க, மனசு வரும்வரை காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்கவைக்கும் சிகிச்சை வந்தது. நன்றாக வேலை செய்கிறது என்று 1996இல் ஒரு ஆய்வு, 2016இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு என்று வரிசையாக நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் முதல் அடியை எடுத்துவைக்க ஒரு குறைந்தபட்சத் தெம்பு வேண்டுமே. அந்த இடைவெளியில்தான் கண்ணாடி வந்து நிற்கிறது. விஆர் மருத்துவத்துக்குப் புதுசில்லை. 1995லேயே பார்பரா ராத்பாமும் சக ஆய்வாளர்களும் உயரத்தைக் கண்டு நடுங்குபவர்களைக் கணினிக்குள் கட்டிய பாலத்திலும் கண்ணாடி லிஃப்டிலும் ஏற்றிப் பயத்தைக் குறைத்தார்கள். சியாட்டிலில் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகளைப் பனி உலகத்துக்குள் அனுப்பிப் பனிப்பந்து எறியவிட்டு வலியை மறக்கவைத்தார்கள். பயத்துக்கும் வலிக்கும் உதவியதைச் சந்தோஷத்துக்கு என்று திருப்பியதுதான் புதுசு.

அக்கா கடலுக்கடியில்

அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். தொழிற்சாலை ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க விஆரில் படம் செய்து தருகிறார்கள். மெஷினுக்குள் கை போனால் என்னாகும் என்பதைக் கை போகாமலே காட்டுவார்கள். லீவுக்கு வரும்போது ஒரு கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னேன். சிகிச்சை செய்து பார்க்கிற எண்ணமெல்லாம் இல்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். படித்ததை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவிடம் கேட்டோம். "சரி, மாட்டு" என்றாள். எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் அதே சரி.

மாட்டுவதே ஒரு வேலையாகப் போயிற்று. பட்டை பின்கொண்டையில் ஏறி உட்கார்ந்தது. கொண்டையை அவிழ்த்துச் சடையாகப் பின்ன வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியோடு மாட்டினால் அழுத்துகிறது, கழற்றினால் மங்கலாகத் தெரிகிறது. பஞ்சு வைத்த ஓரம் நெற்றியில் படிந்து குங்குமத்தைத் துடைத்துவிட்டது. மருமகன் திருகைத் திருகி, "அம்மா, எழுத்து தெளிவாத் தெரியுதா, தெளிவாத் தெரியுதா" என்று கண் டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவழியாகப் பவளப்பாறைப் படத்தைப் போட்டான். அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். தலை இடப்பக்கம் திரும்பியது, மேலே போனது. கை மட்டும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு டிவியில் தட்டையாக ஆமை ஒன்று போவது தெரிந்தது. படம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நெற்றியில் பட்டையின் தடத்தோடு சொன்னாள்:

"தண்ணிக்குள்ளதான் இருக்கேன் தம்பி. ஆனா நனையலியேடா."

மருமகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இது புகாரா, பாராட்டா என்றே புரியவில்லை. அப்புறம் அவன் உற்சாகமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். பனிமலை, நாய்க்குட்டிகள், வானத்திலிருந்து ஏதோ ஒரு ஐரோப்பிய ஊர். நாய்க்குட்டியின்போது கையை நீட்டினாள். குட்டி நேராக அவள் மடிக்கு வந்து, கைக்குள் புகுந்து போய்விட்டது. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். ஐரோப்பாவில் தலை சுற்றுகிறது என்றாள். அது இந்தக் கருவியின் பழைய வியாதி: கண் பறக்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நாற்காலியில் இருக்கிறோம் என்கிறது, சண்டையில் வயிறு குமட்டுகிறது. எலுமிச்சம்பழச் சாறு போட்டுக் கொடுத்தோம். அன்றைக்கு அதோடு சரி.

மறுநாள் அவளாகவே மறுபடி கேட்பாளா என்று பார்த்தேன். கேட்கவில்லை. மருமகன் போட்டுவிட்டால் பார்த்தாள். லீவு முடியும்போது பவளப்பாறையை இனி வேண்டாம் என்றாள். ஆமை எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துவிட்டதாம்.

ஏழுக்கு அப்புறம்

அந்த ஆமைதான் எனக்கு அந்த எட்டாவது அமர்வின் இறக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. 6 பேரை மட்டும் வைத்துச் செய்த, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஒரு முன்னோட்ட ஆய்வில் ஒரு கோடு ஏறி இறங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பது தெரியும். அதை வைத்து மாளிகை கட்டக்கூடாது. இருந்தாலும் என் ஊகம் இது. 360 டிகிரி படம் என்பது சுற்றிலும் விரித்த ஒரு திரை. தலையைத் திருப்பலாம், ஆனால் ஒரு அடி முன்னால் சாய்ந்தால் காட்சி கிட்டே வராது. எதையும் தொட முடியாது, எதையும் மாற்ற முடியாது. நீங்கள் அங்கே இருப்பது ஆமைக்குத் தெரியாது. முதல் தடவை பிரமிப்பு அதை மறைக்கும். பிரமிப்பு தேயத் தேய, நாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை என்பது வெளியே வரும். தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நினைப்பில் ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தன்னைக் கண்டுகொள்ளாத ஒரு அழகான கடல் எத்தனை நாளைக்கு மருந்தாகும்?

நோயாளியே என்ன செய்வது என்று தேர்ந்தெடுத்து, உள்ளே ஏதாவது செய்யும்படி விட்டால்? ஸ்டான்ஃபோர்டில் மார்கோ பால், கிம் புல்லக் குழு அப்படித்தான் முயன்றது. வெளியே போய்ச் செய்ய வேண்டிய செயல்களை நோயாளி கண்ணாடிக்குள் செய்யலாம்; விளையாட்டு, பயணம், எது வேண்டுமானாலும். 2024இல் வந்த அவர்களுடைய ஆய்வில் 26 பேர். பாதிப் பேர் கண்ணாடியில், மீதிப் பேர் வழக்கமான முறையில். மூன்று வாரத்தில் இரண்டு பக்கமும் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. இரண்டு பக்கத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை விஆர் தோற்றது என்று படிக்கலாம். எழுந்து வெளியே போக முடியாதவருக்கும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கலாம் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் இரண்டு பக்கத்திலும் பொதுவாக இருந்தது எது என்று பார்த்தால், வாரா வாரம் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, என்ன செய்தீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு இது உறைத்த இடம் வேறு. அக்காவைப் பார்க்கும் மனநல ஆலோசகர், நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர். விஆர் கதையை நான்தான் ஆர்வமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம் அக்காவிடம் திரும்பி, "அந்தப் படமெல்லாம் இருக்கட்டும். இந்த வாரத்துல கொஞ்சமாவது பரவாயில்லைன்னு இருந்த ஒரு நேரம் சொல்லுங்க" என்றார். அக்கா யோசித்தாள். ஒண்ணுமில்லை என்றாள். ஆலோசகர் அவசரப்படவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "வத்தல் போட்டேன்" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா வற்புறுத்தி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "கண்ணை மூடிக்கிட்டு, இப்ப நடக்கற மாதிரியே சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

அக்கா கண்ணை மூடினாள். முதலில் எல்லாம் நேற்றைய கதையாகத்தான் வந்தது. போனோம், கிண்டினோம், பிழிந்தோம். ஆலோசகர் ஒவ்வொரு தடவையும் மெதுவாக இழுத்துவந்தார். "இப்ப கையில என்ன இருக்கு?" முறுக்கு நாழி. "எப்படி இருக்கு?" சூடா இருக்கு, கூழ் சூடு பித்தளையில ஏறியிருக்கு. "என்ன வாசம்?" பச்சை மிளகாயும் பெருங்காயமும், எலுமிச்சை விட்டிருக்கோம். "கீழே?" பழைய வெள்ளை வேட்டி, நாலு மூலையிலும் செங்கல். காத்தடிச்சா ஒரு மூலை தூக்குது. அப்புறம் அக்கா கேட்காமலே ஒன்று சொன்னாள். "அந்தம்மா பிழியறது கோணையாப் போகுது. நான் போடறது வரிசையா இருக்குது." சொல்லும்போது வாயோரம் கொஞ்சம் போல இழுத்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கிராஸ்க் குழுவின் சிகிச்சை முறையைப் பற்றிய விவரங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். முதலில் படித்தபோது கண் தாண்டிப்போன ஒரு பகுதி அதில் இருந்தது. நல்ல செயலைச் செய்தால் மட்டும் போதாது. செய்த பிறகு கண்ணை மூடி, அந்தத் தருணத்தை நிகழ்காலத்தில், புலன் புலனாக, அப்போது வந்த உணர்வு உட்படச் சொல்லவைக்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நினைவுகள் பொதுவாகத்தான் வரும். போனோம், வந்தோம், பரவாயில்லை. குறிப்பான ஒரு தருணத்தைப் பிடித்து நிறுத்துவதே அவர்களுக்குக் கஷ்டம். பிடிக்கவைப்பதுதான் பயிற்சி. விஆர் இந்தப் பயிற்சிக்குக் கச்சாப் பொருள் கொடுக்க வந்தது. தருணமே இல்லாத வாரத்தில் ஒரு தருணத்தைத் தயாரித்துத் தருவது. செய்தியாக வரும்போது இந்தப் பாதி உதிர்ந்து, கண்ணாடி மட்டும் படமாக மிஞ்சுகிறது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் அந்த மிஞ்சிய பாதியைத்தான்: படம் முடிந்ததும் கழற்றி, "நல்லா இருந்ததா?" என்று ஒரு கேள்வி, உடனே அடுத்த படம்.

கண்ணாடியால் மட்டும் முடிவது

அதற்காகக் கண்ணாடியைப் பரணில் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதனால் மட்டுமே முடிகிற காரியங்களும் உண்டு. 2016இல் லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் புரூவினும் மெல் ஸ்லேட்டரும் சேர்ந்த குழு ஒன்று செய்தது எனக்கு இன்றுவரை மயிர்க்கூச்செறிய வைக்கும். மனச்சோர்வு உள்ள 15 பேர். கண்ணாடிக்குள் ஒவ்வொருவரும் ஒரு பெரியவர். குனிந்து பார்த்தால் அந்த உடம்பு தெரியும், கையை ஆட்டினால் அந்தக் கை ஆடும். எதிரில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதைச் சமாதானப்படுத்திப் பேச வேண்டும். பேசப் பேசக் குழந்தை அழுகையை நிறுத்தும். அப்புறம் காட்சி மாறும். இப்போது அவர்தான் அந்தக் குழந்தை. அண்ணாந்து பார்த்தால் பெரியவர் ஒருவர் குனிந்து, சற்றுமுன் அவரே பேசிய வார்த்தைகளை, அவரே செய்த கையசைவோடு, அவரிடம் சொல்கிறார். தன்னைத் தானே திட்டுவதில் தேர்ந்தவர்கள் இவர்கள். ஊராருக்கெல்லாம் சொல்லும் ஆறுதலைத் தனக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஆறுதலை அவர்களுடைய குரலிலேயே பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது கருவி. சின்னச் சின்னதாக மூன்று தடவை. ஒரு மாதம் கழித்து 9 பேருக்குச் சோர்வு குறைந்திருந்தது. அதில் 4 பேருக்கு மருத்துவர் கவனிக்கும் அளவுக்கு. இதுவும் சின்ன ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லாதது. ஆனால் இதில் கடல் இல்லை, மலை இல்லை. அழும் குழந்தையும் பேசும் பெரியவரும்தான். உள்ளே இருப்பவர் பேசாவிட்டால் குழந்தை அழுகையை நிறுத்தாது. அதாவது அவர் அங்கே தேவைப்படுகிறார்.

எனக்குப் பயம் இன்னொரு பக்கம். நாளைக்கே யாராவது இதை "தினமும் இருபது நிமிடம், சந்தோஷம் உத்தரவாதம்" என்று மாதச் சந்தாவில் விற்பார்கள். வாங்கிக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் கடமை முடிந்தது என்று போய்விடுவார்கள். நம் நாட்டு நிலவரம் வேறு. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. கண்ணாடி வரைக்கும் போவானேன், கேட்க ஆளே எட்டவில்லை. இந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு கோவாவில் ஒரு வேலை செய்தார்கள். மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு, உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வுக்காரர்களிடம் ஆறிலிருந்து எட்டு அமர்வு உட்காரவைத்தது. சொல்லிக்கொடுத்தது இதே செயலில் இறக்கும் முறைதான். 495 பேர் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருக்க, இந்த முறையில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். கருவி எதுவும் கிடையாது. இரண்டு நாற்காலியும் பேச ஒரு ஆளும்தான். தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கு இந்த நாற்காலிகளுக்கும் போனால் தேவலை என்பது என் கட்சி. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தமிழிலும் பேசும், இலவசம். தேவைப்படுபவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மருமகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. போனில் அரை மணி நேரம் வாதாடினான். மாமா, நீங்க காட்டினது பழைய மாதிரிப் படம், இப்ப தொடற மாதிரி, தூக்கற மாதிரி எல்லாம் வந்தாச்சு, நாய்க்குட்டி கைக்குள்ள புகுந்து போகாது என்றான். இருக்கலாம். அப்படியென்றால் ஒரு ஆய்வு இப்படி நடக்கட்டும் என்றேன். மூன்று குழு. ஒன்றுக்குக் கண்ணாடியும் உண்டு, அப்புறம் கண்ணை மூடி நிகழ்காலத்தில் சொல்வதும் உண்டு. இரண்டாவதுக்குக் கண்ணாடி மட்டும். மூன்றாவதுக்குச் சொல்வது மட்டும், கண்ணாடி கிடையாது, அவரவர் வாரத்தில் நடந்ததை வைத்து. அதுவும் பதின்மூன்றோடு நிறுத்தாமல் இருபது, முப்பது அமர்வு ஓடட்டும். எட்டாவதுக்கு அப்புறம் எந்தக் கோடு இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று பார்ப்போம். நான் மூன்றாவது குழு மேல் பந்தயம் கட்டினேன். அவன் முதல் குழு மேல். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், நீ எதில் சேருவாய் என்று கேட்டோம். "ஆராய்ச்சிக்குப் போனா பஸ் காசு குடுப்பாங்களா?" என்றாள்.